1991 மஸ்டாங்கில் 75 குதிரைத்திறன் நைட்ரஸ்: முதலில் பெட்ரோல், அப்புறம்தான் வாயு

என்னிடம் இருப்பது 1991ஆம் வருடத்து ஃபோர்டு மஸ்டாங் எல்எக்ஸ். வி8 இன்ஜின், ஐந்து கியர், பின்கதவு மேலே தூக்கும் ஹேட்ச்பேக் உடல். 5.0 லிட்டர் என்று பெயர் ஒட்டியிருந்தாலும் கணக்குப்படி 4942 சிசிதான். டியர்பார்ன் தொழிற்சாலையில் செய்த வண்டி. அங்கிருந்து அரைமணி நேரத் தொலைவில், மிச்சிகனில் என் வீட்டு கேரேஜில் நிற்கிறது. புதிதாக வந்தபோது 225 குதிரைத்திறன் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. இன்ஜினை இதுவரை யாரும் பிரித்ததில்லை. நானும் பிரிக்க விரும்பவில்லை. ஹெட் மாற்றுவது, கேம் மாற்றுவது எல்லாம் இந்த வண்டியின் குணத்தையே மாற்றிவிடும். காலையில் சாவியைத் திருப்பினால் பழைய மஸ்டாங்காகவே ஓட வேண்டும். டிராக்கில் ஒரு பத்துப் பதினைந்து விநாடி மட்டும் கூடுதலாக இழுத்தால் போதும். அதற்கு நைட்ரஸை (இன்ஜினுக்குக் கூடுதல் ஆக்சிஜன் தரும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை) விடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

கிட்டை வாங்கி வைத்தது ஏப்ரலில். மாட்டி முடிக்க ஆனது இரண்டு வார இறுதிகள். ஆனால் முதல் முறை பாட்டிலைத் திறந்தது ஆகஸ்டில். நடுவிலிருந்த நாலு மாதமும் எங்கே போயிற்று என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். நைட்ரஸ் போட நினைப்பவர்கள் பாட்டிலையும், பாயும் அளவைத் தீர்மானிக்கும் சின்னத் துளையான ஜெட்டையும் பற்றித்தான் கேட்கிறார்கள். பெட்ரோலைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

நைட்ரஸ் ஆக்சைடு தானாக எரியாது. அது எரிபொருளே இல்லை. சிலிண்டருக்குள் சுமார் 300 டிகிரி சூட்டில் அது நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது. காற்றின் எடையில் சுமார் 23 சதவீதம் ஆக்சிஜன் என்றால் நைட்ரஸில் 36 சதவீதம். திரவமாக வந்து மைனஸ் 88 டிகிரியில் கொதித்து ஆவியாவதால் உள்ளே போகும் காற்றையும் குளிர்விக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்கள், காற்று மெலிந்த உயரத்தில் பறக்க ஜிஎம்-1 என்ற பெயரில் இதைத்தான் பயன்படுத்தின. ஆக, நாம் கூட்டுவது ஆக்சிஜனை. அதோடு கணக்காகப் பெட்ரோலும் கூட வேண்டும். பெட்ரோல் குறைந்தால் கலவை வறண்டு, சூடு ஏறி, பிஸ்டன் தலை உருகிவிடும். அதற்கு இரண்டு மூன்று விநாடி போதும்.

எங்கள் ஊரில் ஓர் அண்ணா இருக்கிறார், கோயம்புத்தூர்க்காரர். இங்கே இன்ஜின் சோதனைக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிட்டைக் காட்டினேன். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

“தம்பி, இதெல்லாம் அப்புறம் மாட்டிக்கலாம். உங்க வண்டியில பெட்ரோல் பிரஷர் எவ்வளவு வருதுங்க?”

“ஐடிலில் பார்த்தேன் அண்ணா, சரியாத்தான் இருக்கு.”

“ஐடில்ல எல்லா வண்டியும் சரியாத்தானுங்க இருக்கும். மிதிச்சுப் பிடிச்சப்போ எவ்வளவுன்னு பாத்துட்டு வாங்க.”

சரி என்று அங்கிருந்தே தொடங்கினேன்.

முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு. எட்டு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து அளந்ததில் ஏழு சிலிண்டர்கள் 155 முதல் 165 பிஎஸ்ஐ, ஏழாம் எண் சிலிண்டர் மட்டும் 150. வயதுக்கு நல்ல எண்கள். 1991 மாடலில் ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன் என்பதும் ஒரு தைரியம். 1993இல் கம்பெனி வார்ப்பு வகைக்கு மாறிவிட்டது. அந்த வருட வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் நிதானமாகப் போக வேண்டும்.

அடுத்தது பிரஷர். இந்த இன்ஜினில் பெட்ரோல் பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்குவம் (இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடம்) குழாயைக் கழற்றிவிட்டு அளந்தால் 39 பிஎஸ்ஐ வர வேண்டும். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போதும் வேக்குவம் இருக்காது என்பதால் அப்போதும் அதே 39 நிற்க வேண்டும். கேஜை ஒரு நீளமான ஹோஸில் மாட்டி, பானட்டின் பின் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, முன்கண்ணாடியின் வெளிப்புறத்தில் டேப் போட்டு ஒட்டினேன். பெட்ரோல் நிரம்பிய ஹோஸை எக்காரணம் கொண்டும் வண்டிக்குள் கொண்டுவரக் கூடாது. போனை வீடியோவில் போட்டு டாஷ்போர்டில் நிறுத்தி, ஹைவேயில் ஏறும் வழியில் இரண்டாவது கியரில் 5000 ஆர்பிஎம் வரை முழுதாக மிதித்தேன். இரண்டாவது கியரில் அது மணிக்கு 70 மைல்தான், வேக வரம்புக்குள்.

வீட்டுக்கு வந்து வீடியோவைப் பார்த்தபோது மனம் கனத்துவிட்டது. 3000இல் 38. 4000இல் 35. 5000இல் 31.

ஓட்டும்போது எந்தக் குறையும் தெரியவில்லை. தடுமாற்றம் இல்லை, சத்தம் இல்லை. சாதாரண ஓட்டத்துக்கு இந்த இன்ஜினைக் கம்பெனி கொஞ்சம் பெட்ரோல் தாராளமாகவே விட்டு அமைத்திருப்பதால் 31லும் சமாளித்திருக்கிறது. அதன்மேல் 75 குதிரைத்திறன் நைட்ரஸை ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

முதலில் ஃபில்டர். டேங்குக்குப் பக்கத்தில், வண்டிக்கு அடியில் இருக்கிறது. பழையதை எதிர்ப்பக்கமாகச் சாய்த்துக் காலி செய்தபோது காப்பி டிகாக்ஷன் மாதிரி வந்தது. புதியது போட்டுத் திரும்ப ஓட்டினால் 5000இல் 34. முன்னேற்றம்தான், ஆனால் போதாது.

அடுத்து வயர். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட். பம்ப் கனெக்டரில் அளந்தால் 11.4. முப்பது வருட மிச்சிகன் உப்பும் ஈரமும் இணைப்புகளைத் தின்றிருந்தன. மின்சாரப் பம்ப் வோல்டேஜ் குறைந்தால் மெதுவாகச் சுற்றும், அவ்வளவுதான்; அதற்கு நோய் ஒன்றும் இல்லை. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்டுத் தடிமனான புது வயர் இழுத்து, பழைய பம்ப் வயரை ரிலேயைத் தூண்ட மட்டும் வைத்துக்கொண்டேன். பம்பில் 13.5 வந்தது. 5000இல் பிரஷர் 36. செலவு நாற்பது டாலருக்குள். முழு வேலையிலும் எனக்கு மிகவும் திருப்தி தந்தது இந்த ஒரு வயர்தான்.

மீதி 3 பிஎஸ்ஐ பம்பின் கணக்கு. டேங்கை இறக்கியே ஆக வேண்டும். பெட்ரோலை முடிந்தவரை ஓட்டித் தீர்த்து, பேட்டரியைக் கழற்றி, கேரேஜ் கதவைத் திறந்துவைத்து, ஜாக்கின்மேல் பலகை வைத்துத் தாங்கிக்கொண்டு இரண்டு பட்டைகளின் போல்ட்டையும் கழற்றினேன். ஒன்று துருவோடு முறிந்தது. பம்பைப் பிடித்திருக்கும் பூட்டு வளையத்தைப் பித்தளை உளியால்தான் தட்ட வேண்டும். இரும்பில் பொறி பறக்கும். உள்ளே பம்பின் அடியிலிருந்த வலைப்பை கறுத்துச் சுருங்கிக் கிடந்தது. மணிக்கு 190 லிட்டர் தரும் பம்பைத் தேர்ந்தெடுத்தேன். 255 லிட்டர் பம்பும் கிடைக்கிறது. ஆனால் அந்த அளவு பெட்ரோலை பழைய ரெகுலேட்டரும் திரும்பும் குழாயும் ஐடிலில் வாங்கிக்கொள்ளத் திணறும், பிரஷர் ஏறிக்கொண்டே இருக்கும். என் தேவைக்கு 190 தாராளம்.

திரும்பவும் அதே சாலை, அதே கியர், அதே கேஜ். 3000இல் 39. 5000இல் 39. முள் அசையவில்லை. அந்த வீடியோவை அண்ணாவுக்கு அனுப்பினேன். “இப்போ பெட்டியைத் திறங்க” என்று பதில் வந்தது. அது ஜூன் கடைசி.

இனி கிட். நான் எடுத்தது வெட் வகை. அதாவது நைட்ரஸும் அதற்கான கூடுதல் பெட்ரோலும் ஒரே நாசில் வழியாகச் சேர்ந்து வரும். டிரை வகையில் கூடுதல் பெட்ரோலை வண்டியின் இன்ஜெக்டர்களே தர வேண்டும். இந்த வண்டியின், மணிக்கு 19 பவுண்டு பெட்ரோல் தரும் இன்ஜெக்டர்கள் ஏற்கெனவே தங்கள் எல்லைக்கு அருகில் வேலை செய்பவை. அவற்றின்மேல் இன்னும் பாரம் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

75க்கு மேல் ஏன் போகவில்லை என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. நைட்ரஸ் ஆர்பிஎம் பார்த்து வருவதில்லை. திறந்தால் ஒரே சீராகப் பாயும். 75 குதிரைத்திறன் என்பது 5250 ஆர்பிஎம்மில் 75 பவுண்டு-அடி டார்க் (சுழற்றும் விசை). அதுவே 3000இல் 131 பவுண்டு-அடி. இந்த இன்ஜினின் சொந்த டார்க்கே 300. இந்த மாடலில் வரும் டி5 கியர்பாக்ஸின் தாங்குதிறனும் அதே 300தான். கீழ் ஆர்பிஎம்மில் நைட்ரஸ் திறந்தால் கியர் பல்லுக்கும் பிஸ்டனுக்கும் விழும் அடி, எண்ணைப் பார்த்து நாம் நினைப்பதைவிடப் பெரியது. அதனால் நான் ஏற்றும் நைட்ரஸ் அளவு சிறியது, அதுவும் 3200க்கு மேல் மட்டும்.

பத்து பவுண்டு பாட்டிலைப் பின்பக்க ஹேட்சில் மாட்டினேன். வால்வு முன்பக்கம் பார்த்து, முன் முனை கொஞ்சம் உயர்ந்து, லேபிள் மேல்நோக்கி இருக்க வேண்டும். உள்ளேயுள்ள உறிஞ்சுகுழல் பின்பக்க அடியில் முடிவதால், வண்டி பாய்ந்து கிளம்பும்போது திரவம் அங்கேதான் ஒதுங்கும். மாற்றி மாட்டினால் திரவத்துக்குப் பதில் வாயு வந்து கணக்கெல்லாம் கெட்டுவிடும். ஹேட்ச்பேக்கில் பாட்டிலும் நாமும் ஒரே அறையில் இருக்கிறோம். அதனால் பாதுகாப்புத் தகடு வெடித்தால் வாயு வெளியே போக ஒரு குழாயைத் தரையைத் துளைத்து வெளியில் விட்டேன். டிராக் விதியும் அதைக் கேட்கிறது. விதி இல்லாவிட்டாலும் போட்டிருப்பேன்.

பிரஷர் லைனை வண்டிக்கு அடியில், சைலன்சர் குழாயிலிருந்து விலக்கி, அடிக்கொரு கிளிப் போட்டுக் கொண்டுவந்தேன். நாசில் துளை, த்ராட்டில் பாடிக்கு முன்னால் இருக்கும் வளைவுக் குழாயில், பத்து செ.மீ. தள்ளி. காற்றை அளக்கும் சென்சார் அதற்கு முன்னாலேயே இருப்பதால் நைட்ரஸ் அதைத் தொடாது. கூடுதல் பெட்ரோல், ஃபியூயல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பகிரும் குழாயில்) கேஜ் மாட்டும் வால்விலிருந்து.

வயரிங்கில் நாலு காவல் வைத்தேன். மூடியுள்ள ஒரு சுவிட்ச். த்ராட்டில் முழுதாகத் திறந்தால் மட்டும் தொடும் மைக்ரோ சுவிட்ச். 3200க்கும் 5400க்கும் இடையில் மட்டும் அனுமதிக்கும் ஆர்பிஎம் சுவிட்ச். பெட்ரோல் பிரஷர் 34க்குக் கீழே இறங்கினால் எல்லாவற்றையும் அணைக்கும் பிரஷர் சுவிட்ச். நாலும் வரிசையாக ஒரே ரிலேக்கு. மேல் எல்லையை 5400இல் வைத்ததற்குக் காரணம் உண்டு. இந்த வண்டியின் கம்ப்யூட்டர் 6250இல் இன்ஜெக்டரை நிறுத்தி வேகத்தைத் தடுக்கும். கியர் தவறி அந்த எல்லையை நைட்ரஸோடு தொட்டால், பெட்ரோல் நின்றுபோய் நைட்ரஸ் மட்டும் பாய்ந்துகொண்டிருக்கும். அந்த நிலைமை வரவே கூடாது.

டைமிங், அதாவது ஸ்பார்க் எவ்வளவு முன்னதாக விழுகிறது என்பது: முன்பு வைத்திருந்தவர் 14 டிகிரிக்கு ஏற்றி வைத்திருந்தார். 50 குதிரைத்திறனுக்கு 2 டிகிரி குறைப்பது வழக்கம். நான், அளக்கும்போது கம்ப்யூட்டர் டைமிங்கை மாற்றாமலிருக்க ஸ்பவுட் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கம்பெனி அளவான 10க்கே இறக்கினேன். ஸ்பார்க் பிளக்கில் ஒரு படி குளிர்ந்த வகை. அதன் இடைவெளி, அங்குலத்தின் ஆயிரத்தில் 54 பங்கிலிருந்து 35 பங்குக்கு. பெட்ரோல் 93 ஆக்டேன்.

ஜூலை நடுவில் எல்லாம் தயார். பாட்டிலைத் திறப்பதற்கு முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். பாட்டில் மூடியிருக்க, இன்ஜின் ஐடிலில் ஓட, பெட்ரோல் சோலனாய்டுக்கு (மின்சாரத்தால் திறக்கும் வால்வுக்கு) மட்டும் ஒரு வயரால் நேரடியாக ஒரு கணம் கரண்ட் கொடுப்பது. பெட்ரோல் அதிகமாகி இன்ஜின் மூச்சு முட்டித் தடுமாற வேண்டும். இன்ஜின் ஓடாதபோது இதைச் செய்யக் கூடாது. இன்டேக்கில் தேங்கிய பெட்ரோல் அடுத்த ஸ்டார்ட்டில் வெடிக்கும்.

கரண்ட் கொடுத்தேன். சோலனாய்டு ‘டக்’ என்று அடித்தது. இன்ஜின் லேசாக முனகியது, அவ்வளவுதான். திரும்பக் கொடுத்தேன். அதே முனகல்.

ரெயிலில் பிரஷர் நிற்கிறது. சோலனாய்டு திறக்கிறது. ஆனால் பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை. இணைப்புகளைக் கழற்றி, சோலனாய்டின் நுழைவாயிலிலிருந்த சின்ன வலை ஃபில்டரை வெளியே எடுத்தேன். அதன்மேல் வெள்ளையாக ஒரு துண்டு ஒட்டியிருந்தது. டெஃப்லான் டேப். குழாய் வேலைக்குப் போடுகிற அதே டேப்பை அந்த ஒரு ஃபிட்டிங்கில் நான் சுற்றியிருந்தேன். முறுக்கும்போது அறுந்து உள்ளே போயிருக்கிறது. இந்த வேலையில் மரைக்குப் பேஸ்ட்தான் போட வேண்டும், அதுவும் முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு. ஃப்ளேர் முனைகளுக்கு எதுவுமே போடக் கூடாது. தெரிந்திருந்தும், பேஸ்ட் டியூப் கைக்கு எட்டவில்லை என்று டேப்பை எடுத்தேன். முழுக்க என் தவறு.

அன்று வேலையை அங்கேயே நிறுத்தினேன். பிரஷர் சுவிட்ச் ரெயிலில் இருக்கிறது, அடைப்பு அதற்குப் பிறகு. அதனால் என் நாலு காவலில் ஒன்றும் அதைப் பிடித்திருக்காது. அந்தச் சோதனையைத் தவிர்த்திருந்தால் முதல் ஓட்டத்திலேயே நைட்ரஸ் முழு அளவும் பெட்ரோல் கால் அளவும் போயிருக்கும்.

மறுவாரம் எல்லா ஃபிட்டிங்கையும் பிரித்து, துடைத்து, பேஸ்ட் போட்டு மாட்டினேன். அண்ணா கூடவே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாசிலைக் கழற்றி, ஜெட்டோடு ஒரு ஜாடிக்குள் பெட்ரோலை ஓடவிட்டு, ஓட்டத்தின்போதே பிரஷரை அளந்தோம். நிற்கும் பிரஷரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்பார் அவர். ஓடும்போது 38.5. திரும்ப மாட்டி ஐடிலில் கரண்ட் கொடுத்தபோது இன்ஜின் திணறி நின்றே போய்விட்டது. இருவரும் கைதட்டினோம்.

ஆகஸ்டில் மிலன் டிராக்வே பந்தயப் பாதை. சோதனை ஓட்ட நாள், காற்று வெப்பம் 24 டிகிரி. ஏப்ரலில் நைட்ரஸ் இல்லாமல் எடுத்திருந்த என் நேரம் கால் மைலுக்கு 14.62 விநாடி, முடிவில் மணிக்கு 95 மைல். வண்டி சோதிப்பவர் பாட்டில் முத்திரையையும் வெளிக்குழாயையும் பார்த்துவிட்டு ஒட்டுத்தாள் கொடுத்தார். 13.99 விநாடியோ அதைவிடக் குறைவோ ஓடினால் ஹெல்மெட் கட்டாயம். நான் முதல் ஓட்டத்திலேயே போட்டுக்கொண்டேன்.

பாட்டில் பிரஷர் முக்கியம். 20 டிகிரியில் சுமார் 730 பிஎஸ்ஐதான் இருக்கும், 30 டிகிரியில் 900ஐத் தாண்டும். கிட்டோடு வரும் ஜெட்கள் 900 முதல் 950க்குக் கணக்கிட்டவை. பிரஷர் அதிகமானால் நைட்ரஸ் கூடும், பெட்ரோல் அதே அளவில் நிற்கும். அதனால் அதிகம்தான் ஆபத்து. கட்டுப்பாட்டு சுவிட்சுடன் கூடிய சூடேற்றும் உறையைச் சுற்றி 920இல் நிறுத்தினேன். பர்னர் தீயால் பாட்டிலைச் சூடாக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அலுமினியம் சூட்டில் பலமிழந்துவிடும், அது திரும்பாது.

முதல் ஓட்டம் 50 ஜெட்டில். இரண்டாவது கியரில் முழுதாக மிதித்ததும் பின்னாலிருந்து யாரோ கையால் தள்ளியது போல ஒரு சீரான அழுத்தம், உதறல் இல்லை. 13.94. கலவை அளவுமானி 11.4 (ஒரு பங்கு பெட்ரோலுக்கு 11.4 பங்கு காற்று) காட்டியது, கொஞ்சம் தாராளமான பெட்ரோல். மூன்றாவது, ஏழாவது பிளக்குகளைக் கழற்றி விளக்கில் பார்த்தோம். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போன்ற புள்ளிகளோ மின்னும் அலுமினியத் துகளோ இருந்தால் உள்ளே அதிர்வெடி நடக்கிறது என்று பொருள். இரண்டும் சுத்தம்.

75 ஜெட் போட்டு இன்னொரு ஓட்டம். 13.57, முடிவில் 103 மைல். எடையையும் இரண்டு முடிவு வேகங்களையும் வைத்துக் கணக்குப் போட்டால் கூடிய திறன் 60ஐக் கொஞ்சம் தாண்டுகிறது. பெட்ரோல் பிரஷர் கேஜின் வீடியோவைத்தான் நான் முதலில் பார்த்தேன். தொடக்கத்தில் 39, முடிவில் 38. அன்று மொத்தம் ஐந்து ஓட்டம். பாட்டிலை எடைபோட்டபோது மூன்றரை பவுண்டுக்கும் குறைவாகவே போயிருந்தது.

டிராக்கை விட்டுக் கிளம்பும்போது பாட்டில் வால்வை மூடி, லைனில் இருப்பதைக் காலி செய்துவிடுவேன். சாலையில் அதைத் திறப்பதில்லை.

இப்போது அக்டோபர் முடிகிறது. பாட்டிலைக் கழற்றி நிலவறையில் வைத்துவிட்டேன். அதன் தோளில் அடித்திருக்கும் தேதிப்படி ஐந்து வருட நீரழுத்தச் சோதனை வரும் மார்ச்சில் வருகிறது. ஏழாவது சிலிண்டரின் 150 பிஎஸ்ஐயைப் பனிக்காலத்தில் இன்னொரு முறை அளக்க வேண்டும். இரண்டு சோலனாய்டு ஃபில்டர்களையும் நேற்று பிரித்துப் பார்த்தேன், சுத்தமாக இருக்கின்றன. பேஸ்ட் டியூப்பை ஸ்பேனர் பெட்டியின் மேல்தட்டில், கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன்.